பாதி மெருகிட்ட மஞ்சள் ஜாடி

என் சமையலறைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது இப்போது அந்த மஞ்சள் ஜாடிதான். இருபத்தெட்டு சென்டிமீட்டர் உயரம், மூன்றரைக் கிலோ எடை, தோளில் காது போல இரண்டு பிடிகள். வாயிலிருந்து நடுவயிறு வரை முட்டைக் கரு நிறத்தில் மெருகு. அதற்குக் கீழே பூச்சில்லாத வெறும் மண். மெருகு முடியும் விளிம்பு நேராக இல்லை. சூளைச் சூட்டில் இரண்டு இடங்களில் வழிந்து, சொட்டாகத் தொங்கி, அப்படியே உறைந்துவிட்டது. அந்த இரண்டு சொட்டுகளுக்காகத்தான் இதை வாங்கினேன் என்று சொன்னால்கூடத் தவறில்லை.

இது கொன்ஃபி ஜாடி. பிரான்சின் தென்மேற்குப் பகுதியில், கஸ்கோன் கிராமங்களிலும் தூலூஸைச் சுற்றிய பண்ணை வீடுகளிலும், வாத்து இறைச்சியை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து, அந்தக் கொழுப்பையே மேலே ஊற்றி மூடி, மாதக்கணக்கில் வைத்திருந்த பாத்திரம். நான் காரைக்காலில் பிறந்தவள். பிரான்சின் தென்கிழக்கே, ப்ரோவான்ஸ் பகுதியின் அவிஞ்ஞோன் நகரில் இருபது வருடங்களாக வசிக்கிறேன். பள்ளி உணவகம் ஒன்றில் சமையல் வேலை. பழைய பாத்திரங்களைப் பார்த்தால் கால் நின்றுவிடும். சில வருடங்களாக இந்த நாட்டுப்புற மண்பாண்டங்களைத் தேடிப் பார்த்தும், ஒரு முறை ஏமாந்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். பிரான்சில் இருக்கும் நம்மவர்களும், சுற்றுலாவாக வருகிறவர்களும் இவற்றை அலங்காரத்துக்கென்று வாங்கிப்போய், பிறகு அதில் ஊறுகாய் போடுகிறார்கள். அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

வாங்கிய இடம் லீல்-சுர்-லா-சோர்க். அவிஞ்ஞோனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். சோர்க் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் சிற்றூர். பாசி படிந்த பழைய நீர்ச்சக்கரங்கள் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் அவை நெசவாலைகளையும் காகித ஆலைகளையும் ஓட்டியவை. 1966இல் அங்கே பழம்பொருள் கண்காட்சி தொடங்கியது. அதன் பிறகு கடைகள் பெருகி, இன்று பழம்பொருள் வாங்க விரும்புகிறவர்கள் பாரிஸுக்கு அடுத்தபடியாக நினைக்கும் ஊராகிவிட்டது. ஈஸ்டர் சமயத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் பெரிய கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் போகாதீர்கள் என்பது என் முதல் யோசனை. கூட்டத்தில் ஒரு ஜாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவே இடமிருக்காது, விலையும் ஏறிவிடும். சாதாரண ஞாயிற்றுக்கிழமை போதும். காய்கறிச் சந்தையும் பழம்பொருள் சந்தையும் ஒரே நாளில் கூடுகின்றன. கத்ர் ஒத்தாழ் அவென்யூ நெடுகத் தெருவோரம் மேசை போட்டு விற்பார்கள். ரயில் நிலையத்துக்கு அருகே பழைய ஆலைக் கட்டடத்திலும் பல கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

தெருவோர மேசைகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கட்டடத்துக்குள் இருக்கும் கடைகளில் ஜாடியை விளக்கு வெளிச்சத்தில், சுத்தமாகத் துடைத்து, லாவெண்டர் கொத்து செருகி வைத்திருப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மெருகில் இருக்கும் மயிரிழை விரிசல் அந்த வெளிச்சத்தில் தெரியாது. வெயிலில், தூசியோடு, செய்தித்தாளின் மேல் நிற்கிற ஜாடி எதையும் மறைக்காது.

என் ஜாடியை விற்றவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். மேசையில் பன்னிரண்டு பதின்மூன்று பாத்திரங்களே இருந்தன. நான் ஜாடியைத் தூக்கியதும், விலையைச் சொல்லவில்லை. "உள்ளே கையை விட்டுப் பாருங்கள், மதாம்" என்றார். விட்டேன். உள்ளே முழுக்க மெருகு. அடியில் மட்டும் கரடுமுரடாக ஒரு வளையம். கை வெளியே வந்தபோது விரல் நுனியில் இலேசாகப் பழைய நெய் வாடை. எத்தனை முறை சுடுநீரில் கழுவினாலும் அது போகாது என்றார். மெருகின் மயிரிழைகள் வழியே கொழுப்பு மண்ணுக்குள் இறங்கிவிடுமாம். வெளியே, மெருகில்லாத அடிப்பாகத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்புக் கறை படிந்திருப்பதும் அதனால்தான். அந்தக் கறையைக் குறை என்று நினைத்துப் பேரம் பேச இருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் பிறந்தது தென்மேற்குப் பிரான்சின் ஷேர் மாவட்டத்தில், வாத்து வளர்க்கும் பண்ணையில். குளிர்காலத் தொடக்கத்தில் வாத்துகளை அறுத்து, கால்களை ஓர் இரவு உப்பில் வைத்து, மறுநாள் துடைத்துவிட்டுப் பெரிய செப்புக் கொப்பரையில் கொழுப்போடு மணிக்கணக்கில் வேகவைப்பார்களாம். ஜாடியில் அடுக்கி, வடிகட்டிய கொழுப்பை விரற்கடை உயரம் மேலே நிற்கும்படி ஊற்றி, உறைந்த பிறகு காகிதமோ துணியோ போட்டு நூலால் கட்டி, நிலவறைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு துண்டு எடுத்தால், மீதித் துண்டுகள் கொழுப்புக்கு வெளியே தலைகாட்டாதபடி மறுபடியும் மூடிவைக்க வேண்டும். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது. இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நார்த்தங்காய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கிறதா என்று தினமும் எட்டிப் பார்க்கிற, ஈரக்கை பட்டால் வீட்டையே இரண்டாக்குகிற என் அம்மாவின் சொற்களை அந்தப் பிரெஞ்சு அம்மாள் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் பாதி மட்டும் மெருகு? இந்த ஜாடிகளை விற்கிற எல்லோரும் சொல்வது, நிலவறையின் மண்தரையில் பாதிவரை புதைத்து வைப்பார்கள், மண்ணுக்குள் இருக்கிற பகுதிக்கு மெருகு தேவையில்லை என்று. மெருகில்லாத பகுதி ஈரத்தை உறிஞ்சி உள்ளே குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார்: மெருகு விலை அதிகம், மண் விலை குறைவு. தேவையில்லாத இடத்தில் குயவர் ஏன் காசைப் பூசுவார்? இந்த விடை எனக்குப் பிடித்திருந்தது.

நூற்று முப்பத்தைந்து யூரோ சொன்னார். நூற்றுப் பதினைந்துக்குத் தந்தார். இது குறைந்த விலை என்று சொல்லமாட்டேன். ஷேர், ஓட் மாவட்டங்களில் கிராமத்தார் பரணைக் காலி செய்து தெருவில் விற்கும் நாட்களில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குக் காரும் பொறுமையும் வேண்டும். கொன்ஃபி ஜாடி ப்ரோவான்ஸின் சொந்தப் பாத்திரம் அன்று. மேற்கிலிருந்து வியாபாரிகள் கொண்டுவந்து விற்பது. அந்தப் பயணச் செலவும் விலையில் இருக்கிறது.

இனி, நான் ஏமாந்த கதை. இதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், வேறோர் ஊரின் கண்காட்சியில், பச்சை மெருகிட்ட ஜாடி ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள் என்று சொல்லி ஒருவர் விற்றார். நானும் நம்பி வாங்கிவந்தேன். வீட்டில் ஈரத்துணியால் துடைத்தேன்; துணி பழுப்பானது. அடிப்பாகத்தின் 'பழங்கறை' அத்தனையும் துணிக்கு வந்துவிட்டது. கீழே பளிச்சென்று புது மண். அடியின் விளிம்பைத் தடவினேன். கத்தி போலக் கூர்மை. ஐம்பது வருடம் கல்தரையில் இழுபட்ட ஜாடியின் அடிவிளிம்பு நம் அம்மிக்கல் போல வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அன்று எனக்கு அது தெரியவில்லை. வேறு நாடுகளின் பாத்திரங்களும், நேற்றுச் செய்தவையும் இப்படிப் பிரெஞ்சுப் பழம்பொருளாக வேடம் கட்டி விற்கப்படுகின்றன.

அதனால் இப்போது என் கை தானாகவே சில வேலைகளைச் செய்கிறது. முதலில் தலைகீழாகத் திருப்பி அடிவிளிம்பைத் தடவுவேன். விரலில் எச்சில் தொட்டு ஒரு மூலையில் தேய்ப்பேன். மெருகின் மேல் சூளையில் பக்கத்துப் பாத்திரம் ஒட்டிப் பிரிந்த தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். நெருக்கி அடுக்கிச் சுட்ட பாத்திரங்களில் அது இருப்பது சகஜம். பிடிகளைப் பக்கவாட்டில் வைத்து ஒப்பிடுவேன். கையால் ஒட்டிய இரண்டு பிடிகள் ஒருபோதும் ஒரே அச்சாக இருக்காது. என் ஜாடியில் இடப்பிடி சற்று மேலே ஏறியிருக்கிறது, அதன் அடியில் குயவரின் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. கடைசியாக, பொங்கலுக்குப் பானை வாங்கும்போது செய்வதைத்தான் செய்வேன்: விரல் மடித்துச் சுண்டுவேன். கணீரென்று ஒலிக்க வேண்டும். பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். விரிசல் இருந்தாலே வேண்டாம் என்பதில்லை. சில பாத்திரங்களில் உடைந்த இடத்தைக் கம்பித் தையலால் கோத்திருப்பார்கள். உடைந்ததை எறியாமல் தைத்து வைத்த வீட்டை நினைத்தால் எனக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் மதிப்புக் கூடத்தான் செய்கிறது. விரிசலுக்கு உரிய விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவே.

இப்போது மெருகுக்கு வருகிறேன். இந்த மஞ்சளும் பச்சையும் எதனால் ஆனவை? காரீயத்தால். கவனியுங்கள், நம் வீட்டு ரசச் சொம்பின் ஈயம் வெள்ளீயம், அது வேறு. இங்கே பூசியிருப்பது உடம்புக்கு நஞ்சாகிற காரீயம். குயவர்கள் காரீயத் தாதை அரைத்துக் களிமண் கரைசலில் கலந்து பூசினார்கள். ஏறக்குறைய ஆயிரம் டிகிரிச் சூட்டில் அது உருகிக் கண்ணாடியானது. இரும்பு கலந்தால் தேன் மஞ்சள், செம்பு கலந்தால் பச்சை. குறைந்த சூட்டில் இவ்வளவு ஒளியுள்ள கண்ணாடிப் பூச்சைத் தந்தது காரீயம்தான். அதனால்தான் நூற்றாண்டுகளாக அதை விடவில்லை.

புளிப்புப் பட்டால் அந்தக் கண்ணாடியிலிருந்து காரீயம் கரைந்து வெளியே வரும். ஐரோப்பாவில் 1984இல் பீங்கான், மண் பாத்திரங்களுக்குக் காரீய வரம்பு விதித்தார்கள். சோதனை எப்படித் தெரியுமா? நூற்றுக்கு நான்கு பங்கு அசெட்டிக் அமிலம் கலந்த நீரை, அதாவது மெல்லிய வினிகரைப் போன்ற ஒன்றை, பாத்திரத்தில் இருபத்துநான்கு மணி நேரம் வைத்துப் பார்ப்பது. குழிவான சாதாரணப் பாத்திரங்களுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை. சமையல் பாத்திரங்களுக்கும் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட சேமிப்புப் பாத்திரங்களுக்கும் 1.5 மில்லிகிராம் வரை. ஒரு நாள் வினிகருக்கே இந்தக் கணக்கு. எலுமிச்சையும் உப்பும் புளியும் மாதக்கணக்கில் கிடக்கிற நம் ஊறுகாயை, இப்படி எந்தச் சோதனையும் காணாத பழைய ஜாடிக்குள் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜாடியின் படத்தை அனுப்பியதும் அம்மா தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை, இதில் நார்த்தங்காய் போட்டால் வருடம் முழுவதும் வரும் என்பதுதான். காரீயம் பட்டால் சிவக்கும் ஒரு சோதனைக் குச்சியை வரவழைத்து ஜாடியின் உட்புறத்தில் தேய்த்தேன். பஞ்சு நுனி அரை நிமிடத்தில் சிவந்தது. அந்தக் குச்சியைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். ஊறுகாய், தயிர், எண்ணெய், நெய், மாவு, அரிசி எதையும் நேரடியாக இதற்குள் கொட்டாதீர்கள். மெருகு உதிர்ந்த துகள் சேரும் இடத்தில் கரண்டிகளைக்கூடச் செருகாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

பிறகு எதற்கு என்று கேட்பீர்கள். என் ஜாடியில் தேங்காய் வைத்திருக்கிறேன். நார் உரித்த தேங்காய், ஓடு உடையாமல், நான்கு கொள்கிறது. மஞ்சள் வாய்க்கு மேலே குடுமியோடு ஒரு தேங்காய் எட்டிப் பார்க்கிறபோது, இரண்டு ஊரும் ஒரே அலமாரியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டார் தங்கள் ஜாடியில் செய்தித்தாள் சுருள்களைப் போட்டுக் கணப்படுப்புக்கு அருகே வைத்திருக்கிறார்கள். உலர்ந்த பூங்கொத்தும் நன்றாக இருக்கும். தண்ணீர் ஊற்றிப் புதுப்பூ வைக்க வேண்டாம். நீர் மெருகின் மயிரிழை வழியே கசிந்து அலமாரியில் வளையக்கறை போடும்.

உண்மையாகவே பயன்படுத்தத்தான் வேண்டும் என்பவர்களுக்கு வடகிழக்குப் பிரான்சில் உள்ள அல்சாஸின் பெத்ஷ்தோர்ஃப் ஊர்ச் சாம்பல் நிறக் கல்மண் ஜாடியைச் சொல்வேன். அதன் மேல் கோபால்ட் நீலத்தில் பூவோ கொடியோ வரைந்திருக்கும். அங்கே முட்டைக்கோஸை உப்பில் புளிக்க வைக்கப் பயன்பட்டது இந்த வகை. ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுட்டு, சூடு உச்சத்தில் இருக்கும்போது சூளைக்குள் உப்பை வீசுவார்கள். உப்பு ஆவியாகி மண்ணிலுள்ள மணற்சத்தோடு சேர்ந்து ஆரஞ்சுத் தோல் போலச் சிறு குழிகள் உள்ள மெருகாகும். அந்த மெருகுக்குக் காரீயம் வேண்டாம். மஞ்சள் ஜாடியை விற்ற அம்மாளின் மேசையிலேயே இந்த வகையில் மூடியில்லாத சிறிய ஜாடி ஒன்று நாற்பது யூரோவுக்கு இருந்தது, அதையும் வாங்கிக்கொண்டேன். சோதனைக் குச்சி வெள்ளையாகவே இருந்தது. இப்போது அதில் கல்லுப்பு இருக்கிறது. மழைக்காலத்திலும் உப்பு கசிந்து வெளியே வராமல் உலர்ந்தே நிற்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தபோது அப்படி இருந்ததில்லை. பக்கத்து ஊரான சுஃப்ளென்ஹைமின் பூ வரைந்த பழுப்புப் பாத்திரங்களும் சந்தையில் நிறையக் கிடைக்கும். அவை வேறு வகை மண்பாண்டம், குறைந்த சூட்டில் சுட்டவை. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

ப்ரோவான்ஸுக்கே உரியது வேண்டுமென்றால் தியான். வாய் அகன்று அடி ஒடுங்கிய, உட்புறம் மட்டும் மெருகிட்ட பெரிய மண்சட்டி. காய்கறி கழுவவும், அடுக்கிச் சுடவும் பயன்பட்டது. அதில் சுடுகிற காய்கறிப் பதார்த்தத்துக்கும் தியான் என்றே பெயர். இதைப் போலவே, கஸ்தெல்நோதாரிப் பக்கத்துக் குயவர்கள் செய்த கஸ்ஸோல் என்ற சட்டிதான் வெள்ளைப் பீன்ஸும் இறைச்சியும் சேர்ந்த கஸ்ஸூலே என்ற குழம்புக்குப் பெயர் கொடுத்தது. சட்டியின் பெயரே உணவின் பெயராவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பழைய தியானைச் சுவரில் சாய்த்து வைத்தால் சமையலறைக்கே ஒளி வரும். வல்லோரிஸ் என்று சொல்லி விலையை ஏற்றுபவர்களிடம் மட்டும் நிதானமாக இருங்கள். 1940களின் இறுதியில் பிக்காசோ அங்கே மண்பாண்டம் செய்யத் தொடங்கியதால் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு வந்தது. ஆனால் அதற்கு முன்பு நெடுங்காலம் அது அன்றாடச் சமையல் சட்டிகளைச் செய்து குவித்த ஊர். அங்கே செய்த ஒரு சாதாரணச் சட்டிக்கு ஓவியரின் விலை கொடுக்கத் தேவையில்லை.

சந்தையைப் பற்றிய என் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பலர் விலைச்சீட்டு ஒட்டுவதில்லை. முகத்தையும் கேமராவையும் பார்த்து விலை சொல்வதாகவே எனக்குப் பட்டது. பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசினால் தொகை இறங்குகிறது. கார்டு எடுக்காத மேசைகள் உண்டு, பணமாகக் கொண்டுபோங்கள். பொதிந்து தருவது பெரும்பாலும் ஒரு செய்தித்தாள்தான். நான் ஒரு கம்பளிச் சால்வையும் தடித்த துணிப்பையும் எடுத்துப்போவேன். ஜாடியைப் பிடியில் தூக்கக் கூடாது. பழைய பிடி எப்போது கையோடு வரும் என்று சொல்ல முடியாது. அடியில் ஒரு கை, வாயில் ஒரு கை. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். காலை ஒன்பது மணிக்குள் போய்விட்டால் நல்ல பாத்திரங்கள் மேசையில் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் ஆற்றங்கரையில் நடக்கவே இடமிருக்காது.

நூற்றுப் பதினைந்து யூரோவுக்கு அந்த ஜாடியை மறுபடியும் வாங்குவேனா என்று கேட்டால், வாங்குவேன். அதை விற்ற அம்மாள், வீட்டில் இன்னொரு பெத்ஷ்தோர்ஃப் ஜாடி மூடியோடு இருக்கிறது, மார்ச் மாதம் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அறுபது யூரோ வரை கொடுக்கலாம் என்று முடிவு செய்து, எடுத்துவைத்துவிட்டேன். சோதனைக் குச்சி வெள்ளையாகவே இருந்தால், அம்மா கேட்ட நார்த்தங்காயை அதில் போடுவேன்.